வீடு மாறும் பெயர்கள்

கானாங்கெளுத்தியின் செவுள் மூடியைத் தூக்கிக் கிள்ளும்போது, சில மீன்களில், சிவந்த செவுளுக்கு நடுவே விரல்நுனி அளவில் வெளிறிய ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகில் ஓடு உண்டு. ஓட்டில் குறுக்காக மடிப்புகள் உண்டு. பிடித்து இழுத்தால் செவுளின் நார்களோடுதான் வரும். பேன் என்று சொல்லிக் கத்தியால் தட்டிவிட்டு அடுத்த மீனை எடுப்பார்கள். பல நேரம் பக்கத்திலேயே அதைவிடச் சிறியதாக இன்னொன்றும் இருக்கும். பெரியது பெண், சிறியது ஆண். உற்றுப் பார்த்தால் பெரியதன் உடம்பு நேராக இராது, ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். செவுளறையின் இடத்துக்கேற்ப வளர்ந்த உடம்பு அது.

அறிவியலில் அதன் முழுப்பெயர் நோரிலெக்கா இண்டிகா (மில்ன் எட்வர்ட்ஸ், 1840). பின்னால் வரும் ஆளையும் ஆண்டையும் பலர் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். அடைப்புக்குறியைக் கவனிப்பவர்கள் இன்னும் குறைவு. விலங்கியலில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. ஓர் இனத்தை முதலில் விவரித்தவர் எந்தப் பேரினத்தில் வைத்தாரோ அதிலேயே அது இன்றும் இருந்தால் அவர் பெயரைக் குறியில்லாமல் எழுதுவார்கள். பின்னால் வந்த யாராவது அதை வேறு பேரினத்துக்கு மாற்றியிருந்தால் முதலாமவர் பெயர் குறிக்குள் போய்விடும். பாரிஸின் ஆன்றி மில்ன் எட்வர்ட்ஸ் 1840-ல் இந்த உயிரை லிவோனெக்கா என்ற பேரினத்தில் சேர்த்தார். 150 ஆண்டுகள் கழித்து, 1990-ல், நீல் புரூஸ் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் நோரிலெக்கா என்ற புதுப் பேரினத்தை ஏற்படுத்தி அதை அங்கே குடிவைத்தார். இண்டிகா மாறவில்லை. கண்டு சொன்னவரும் ஆண்டும் மாறவில்லை. வீடு மாறிய செய்தியை மட்டும் இரண்டு வளைகோடுகள் சொல்கின்றன.

பெயர் வைப்பதையும் வகைப்படுத்துவதையும் நாம் ஒரே வேலையாக நினைத்துப் பழகிவிட்டோம். அவை இரண்டு வேலைகள். பெயர் என்பது ஆட்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. நிலைத்திருந்தால்தான் அதனால் பயன். வகைப்பாடு என்பது உயிர்களின் உறவைப் பற்றிய ஒரு கருத்து. தவறென்று தெரிந்தால் அதை மாற்றித்தான் ஆகவேண்டும். ஒன்று அசையக்கூடாது, மற்றது அசைந்துகொண்டே இருக்கவேண்டும், இரண்டையும் ஒரே பெயரின் இரு சொற்களாக ஒட்டிவைக்கவும் வேண்டும். இந்த முரண்பாட்டோடு வகைப்பாட்டியல் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்பதற்கு, மீன்களைப் பற்றி வாழும், நோரிலெக்காவும் அடங்கிய சைமோதோயிடே குடும்பத்தைப்போல நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. இன்று ஏறத்தாழ 40 பேரினங்களும் 350-க்கு மேற்பட்ட இனங்களும் இதில் உண்டு. பெரும்பாலானவை வெப்பக் கடல்களின் ஆழமற்ற பகுதிகளில் வாழ்பவை.

லின்னேயஸ் 1758-ல் இவற்றில் சிலவற்றை ஓனிஸ்கஸ் என்ற பேரினத்தில் போட்டார். தோட்டத்தில் ஈரச் செங்கலைப் புரட்டினால் ஓடும் சாம்பல்நிறப் பூச்சியும் அதே பேரினம்தான். அது பிழையான பார்வை என்று சொல்லமுடியாது. நிலத்தில் வாழும் அந்தப் பூச்சியும் கடல்மீனின் ஒட்டுண்ணியும் ஐசோபோடா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது. ஆனால் அவர் இவற்றையும் நண்டையும் இறாலையும் பூச்சிகள் என்ற வகுப்புக்குள் அடக்கியிருந்தார். தொல்காப்பிய மரபியலும் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்கள் என்று ஒரே வரியில் வைக்கிறது. நண்டினத்தின் கிளைகளில் ஒன்றாகவே பூச்சிகள் தோன்றின என்று இன்று மரபணு ஆய்வுகள் சொல்வதைக் கேட்டதும், பார்த்தீர்களா அன்றே சொன்னோம் என்று ஒருவர் மேடையேறக்கூடும். அவர் இறங்கிவிடலாம். மரபியல் எண்ணியது புலன்களை. மரபணு எண்ணுவது வம்சத்தை. இரண்டு கணக்குகளும் ஓரிடத்தில் ஒத்த விடை தந்ததால் வழியும் ஒன்றாகிவிடாது. எதை வைத்துப் பிரித்தோம் என்பதைச் சொல்லாத வகைப்பாட்டைச் சரிபார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

சைமோதோயிடேயைப் பிரித்தவர்கள் அதை எதை வைத்துப் பிரித்தார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்: காலை வைத்து. ஐசோபோடாக்களின் நடு உடம்பில் ஏழு இணைக் கால்கள். சிரோலானிடே குடும்பத்தில் அவை நடக்கவும் ஓடவும் உதவும் கால்கள். அக்குடும்பத்தினர் பெரும்பாலும் பிணந்தின்னிகளும் வேட்டையாடிகளும். ஆழ்கடலில் ஓரடிக்கு மேல் வளரும் பாத்தினோமஸ் ஜைகாண்டியஸ் அந்தக் குடும்பம்தான். அதற்கு 1879-ல் பெயர் வைத்தவர் மேலே சொன்ன மில்ன் எட்வர்ட்ஸின் மகன் அல்போன்ஸ். அடுத்து ஈஜிடே. இவற்றுக்கு முன்னங்கால்கள் மூன்று இணை மட்டும் கொக்கிகளாக வளைந்திருக்கும். பின்னங்கால்கள் நான்கு இணை நடப்பதற்கானவை. மீனைப் பற்றி இரத்தம் குடித்து, வயிறு நிறைந்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். சைமோதோயிடேயில் ஏழு இணையும் கொக்கி. இனி நடக்கத் தேவையில்லை என்று ஆகிவிட்ட உயிரின் கால்கள் அவை. கொக்கியின் முனை ஊசிபோலக் கூர்ந்து தோலுக்குள் இறங்கும். மூன்று குடும்பங்களின் கால்களை வரிசையாக உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அலைந்தவன் விருந்தாளியாகி, விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்ட கதை முழுவதும் எலும்பில்லாத அந்தக் கணுக்களில் எழுதியிருக்கும்.

கதை அழகாக இருப்பதால் அதைச் சந்தேகிக்கவும் வேண்டும். அந்தச் சந்தேகத்தைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் குடும்பத்துக்கு 1818-ல் உருக்கொடுத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலைபார்த்த வில்லியம் எல்ஃபர்ட் லீச். அப்போது அவருக்கு வயது 27. பாரிஸில் வெளிவந்த இயற்கை அறிவியல் அகராதி ஒன்றுக்குக் கட்டுரை எழுதும்போது அவருக்கு ஒரே மூச்சில் பல பேரினங்களுக்குப் பெயர் தேவைப்பட்டது. நெரோசிலா, அனிலோக்ரா, ஒலென்சிரா, சிரோலானா, கொனிலெரா, ரொசினெலா, கனோலிரா, நெலோசிரா என்று வரிசையாக வைத்தார். அத்தனையும் கரோலின் அல்லது கரோலினா என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டவை. யார் அந்தக் கரோலின் என்பதை அவர் எங்கும் சொல்லவில்லை. பிற்காலத்தவர்கள் அரசி என்றும் காதலி என்றும் ஊகித்துக்கொண்டார்கள். லீச் சில ஆண்டுகளில் நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகி வேலையை விட்டார். 1836-ல் இத்தாலியில் காலராவில் இறந்தார். அவர் கலைத்துப்போட்ட பெயரின் துண்டுகள் இன்று மூன்று குடும்பங்களில் பரவிக் கிடக்கின்றன. நெரோசிலாவும் அனிலோக்ராவும் சைமோதோயிடேயில், சிரோலானாவும் கொனிலெராவும் சிரோலானிடேயில், ரொசினெலா ஈஜிடேயில். பெயர்களுக்குள் இருக்கும் உறவு உயிர்களுக்குள் இருக்கும் உறவோடு பொருந்தவில்லை. அதனால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

அவர் அங்கே வைத்த இன்னொரு பெயர் மட்டும் உதைக்கிறது: லிவோனெக்கா. அதில் ‘ஆர்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கிறது. கையெழுத்தைப் படித்து அச்சுக்கோத்தவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். பின்வந்தவர்கள் பலர் இது கரோலின்தான் என்று புரிந்துகொண்டு லிரோனெக்கா என்று திருத்தி எழுதினார்கள். நீண்டகாலம் அந்தத் திருத்தம்தான் வழக்கத்தில் இருந்தது. ஆனால் விலங்கியல் பெயரிடல் விதி வேறு மாதிரி. முதலில் அச்சான எழுத்தே செல்லும். அது தவறி விழுந்தது என்பதற்கு அந்த நூலுக்குள்ளேயே தெளிவான சான்று இருந்தாலொழியத் திருத்தக்கூடாது. லீச் தம் கட்டுரையில் கரோலினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே சான்று இல்லை. அச்சுப்பிழை அதிகாரபூர்வமான பெயராக நிலைத்தது. விதியின் பிடிவாதம் முதலில் அபத்தமாகத் தோன்றும். ஆனால் ஆளாளுக்குப் பெயரைச் சரிசெய்ய இடங்கொடுத்தால் 200 ஆண்டு எழுத்துகளில் ஒரே உயிர் எத்தனை பேரில் உலவும் என்று யோசித்தால் அதன் நியாயம் புரியும். பெயர் அழகாகவோ பொருத்தமாகவோ இருக்கவேண்டியதில்லை. எல்லோரும் ஒரே உயிரைச் சுட்டினால் போதும்.

1990-ல் புரூஸ் லிவோனெக்காவைக் குடைந்து பார்த்தபோது அதற்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல உயிர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தன. சிலவற்றை எல்துசா என்ற பேரினத்துக்கு மாற்றினார். கானாங்கெளுத்தியின் செவுளில் இருப்பதற்குப் புதிதாக ஒரு பேரினம் வேண்டியிருந்தது. அவர் வைத்த நோரிலெக்காவின் ரோமன் எழுத்துகளைப் பிரித்து அடுக்கினால் மறுபடியும் கரோலின் வருகிறாள், இம்முறை ‘ஆர்’ எழுத்தோடு. லீச்சின் விளையாட்டை 172 ஆண்டுகள் கழித்து ஒருவர் தொடர்ந்திருக்கிறார். அச்சுப்பிழையைத் திருத்த விதி இடங்கொடுக்கவில்லை. பிழையில்லாத இன்னொன்றைப் புதிதாகச் செய்ய எந்தத் தடையும் இருக்கவில்லை.

பெயரில் இவ்வளவு சிக்கல் என்றால் உடம்பில் அதைவிட அதிகம். தாயின் வயிற்றுப்புறப் பையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு இணைக் கால்கள்தான். ஏழாவது பிறகு வரும். அதற்குப் பெரிய கண்கள் உண்டு, நீந்துவதற்குத் தூரிகைபோன்ற மயிர்கள் உண்டு. கிடைக்கும் மீனில் ஒட்டிப் பார்க்கும். சரிப்படாவிட்டால் விட்டுவிட்டு நீந்தும். தனக்குரிய மீனைக் கண்டு அமர்ந்தபின் நீந்தும் மயிர்கள் உதிரும், உடம்பு அகலும். முதலில் எல்லாமே ஆண். அந்த மீனில் ஏற்கெனவே பெண் இருந்தால் ஆணாகவே காத்திருக்கும். இல்லையென்றால் பெரும்பாலும் தானே பெண்ணாக மாறிவிடும். பெண்ணான பிறகு திரும்பிப் போக வழியில்லை. அது அமர்ந்திருப்பது இடது செவுளறையா வலது செவுளறையா என்பதைப் பொறுத்து உடம்பு ஒரு பக்கம் சாயும். ஓடு கழற்றுவதையும் இவை பாதிபாதியாகச் செய்கின்றன, பின்பாதி முதலில், முன்பாதி பிறகு. நடுவில் சில நாள் ஒரே உடம்பில் பழையதும் புதியதும் சேர்ந்திருக்கும்.

அருங்காட்சியகத்தின் சாராயக் குப்பியைப் பார்ப்பவரோ இந்த வாழ்க்கையின் ஒரு நாளை மட்டும்தான் கையில் வைத்திருப்பார். ஜேம்ஸ் டுவைட் டேனா அமெரிக்கக் கடற்பயணத்தில் கிடைத்த ஓடுடைய உயிர்களை விவரித்த பெருநூலில், 1853-ல், ஈஜதோவா என்றொரு பேரினத்தை நிறுவினார். ஒல்லியான உடம்பு, பெரிய கண், நன்றாக நீந்தும். வேறு சிலரும் அதில் இனங்களைச் சேர்த்தார்கள். பின்னால்தான் தெரிந்தது, அது ஒரு பேரினமே இல்லை, பல பேரினங்களின் இளம்பருவம் என்று. வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளை, வயது ஒன்றாக இருந்த ஒரே காரணத்தால், ஒரே வீட்டில் பதிந்துவைத்திருந்தார்கள். கோபன்ஹேகனின் ஷியோட்டேயும் மைனெர்ட்டும் 1880-களில் இலத்தீனில் எழுதிய பெரும் தொகுப்பில் இக்குடும்பத்தை ஒழுங்குபடுத்தினார்கள். உலகின் பல அருங்காட்சியகக் குப்பிகளை அவர்கள் பார்த்தார்கள். இன்றும் பல இனங்களின் பெயருக்குப் பின்னால் அவர்கள் இருவரும் நிற்கிறார்கள். ஆனால் பல குப்பிகளின் சீட்டில் எந்த மீனிலிருந்து எடுத்தது என்ற விவரம் இருந்ததில்லை. செவுளறையின் வளைவே உடம்பின் வளைவைத் தீர்மானிக்கும் உயிரில், மீனைப் பிரித்துவிட்டு உயிரை மட்டும் வைத்திருப்பது பாதி உருவத்தை எறிந்துவிட்டதற்குச் சமம்.

இந்த வகையில் பட்டாவியாவில் டச்சு இராணுவ மருத்துவராக இருந்த பீட்டர் பிளீக்கர் கொடுத்துவைத்தவர். அவர் முதலில் மீன்களின் ஆள். சந்தைக்கு வரும் மீன்களை வாங்கி ஆயிரக்கணக்கில் விவரித்தவர். மீனோடு வந்த ஒட்டுண்ணிகளையும் விடாமல் 1857-ல் எழுதினார். அவர் பெயர்வைத்த நெரோசிலா ஃபையோப்ளூரா நம் கரையில் சாளையின் உடம்பில் வெளிப்புறமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அது அடைப்புக்குறி விழாத பெயர்; 1857-லிருந்து அதே வீட்டில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்த வேலையை மீனிலிருந்தே தொடங்கினார்கள். படகுத்துறையில் எந்த மீனில், உடம்பில் எந்த இடத்தில், எது இருந்தது என்று குறித்தார்கள். சீலாவின் வாய்க்குள் சைமோதோவா இண்டிகா, பாரையில் கட்டோயெஸ்ஸா பாஸ்கி என்று பட்டியல் நீண்டது. உலகின் சைமோதோயிடே அனைத்தையும் 1994-ல் தொகுத்த பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-பால் ட்ரில்லுடன் சேர்ந்து 2011-ல் ஜோரிமா ஹில்சே என்ற புதிய இனத்தையும் விவரித்தார்கள். ஹில்சா என்ற மீனின் பெயரே அதில் இருக்கிறது.

மீனில் உட்காரும் இடத்தை வைத்தே குடும்பத்தைப் பிரித்துவிடலாம் என்ற ஆசையும் இருந்தது. தோலில் ஒட்டுபவை, செவுளறையில் வாழ்பவை, வாய்க்குள் இருப்பவை, தசையைத் துளைத்து உள்ளே போகிறவை. வாய்க்குள் இருப்பவற்றில் சைமோதோவா எக்ஸிகுவா இன்று ஊரறிந்தது. கலிஃபோர்னிய வளைகுடாவின் புள்ளிச் சங்கரா மீனின் நாக்கைச் சூம்பவைத்து, மிச்சமிருக்கும் அடிக்கட்டையைப் பற்றிக்கொண்டு நாக்கின் இடத்தில் அமர்வதை புருஸ்காவும் கில்லிகனும் 1983-ல் எழுதினார்கள். வெளியே ஒட்டுவது தொடக்கநிலை, உள்ளே போகப்போக முன்னேறிய நிலை என்று ஒரு படிக்கட்டையும் முன்பு கட்டிவைத்திருந்தார்கள். இந்த நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள் அந்தப் படிக்கட்டை உடைத்துவிட்டன. இடம் மாறுவது இக்குடும்பத்தில் ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. செவுளறை வாழ்க்கைதான் பழையதாக இருக்கலாம் என்றுகூடச் சில முடிவுகள் காட்டுகின்றன. ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் இருவர் உறவினராகிவிடுவதில்லை. நான் மேலே கால்களில் படித்த கதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூன்று குடும்பங்கள் இன்று பக்கத்தில் பக்கத்தில் நிற்பது ஒன்றிலிருந்து மற்றது வந்ததற்குச் சான்றாகாது. இவை எல்லாவற்றையும் நூறாண்டுக்கு மேல் தாங்கிநின்ற ஃபிளாபெல்லிஃபெரா என்ற துணைவரிசையே இயற்கையான குழு இல்லை என்று பிராண்ட்டும் பூரும் 2003-ல் காட்டி அதைக் கலைத்தார்கள். புரூஸ் பலவற்றை மாற்றிவைத்த எல்துசாவும் இன்னும் பிரித்தடுக்கவேண்டிய கலவையாகவே இருக்கிறது.

வகைப்பாடு இப்படி ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, இதற்குப் போய் அறிவியல் என்று பெயரா என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு இதன் மதிப்பே அந்த ஆட்டத்தில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. நண்டையும் தும்பியையும் புலன்கணக்கில் வரிசைப்படுத்திய அதே மரபியல்தான், இன்று நம் கைக்கு வந்திருக்கும் வடிவில், அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று மனிதருக்கும் வரிசை சொல்கிறது. அந்தப் பகுதி இடைச்செருகல் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாதம் இங்கே தேவையில்லை. இரண்டும் ஒரே இயலில் அருகருகே நிற்க முடிந்தது என்பதே கவனிக்கவேண்டியது. உயிர்களைப் பிரித்த வரிசை காலப்போக்கில் பாடத்திட்டத்துக்குள் ஒதுங்கிவிட்டது. மனிதரைப் பிரித்த வரிசை தெருவாக, கிணறாக, சுடுகாடாகக் கல்லில் நின்றது. எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று கேட்க அங்கே வழியில்லை. கேட்டாலும் மாற்றிப் பதிய ஒரு குறியில்லை. பிறந்த வீட்டின் பெயரே கடைசிவரை வரும்.

நண்டினத்து ஒட்டுண்ணிகளைப் பற்றிய கல்வியிலிருந்து மனித சமத்துவத்துக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. செவுளில் இரத்தம் குடிப்பவற்றிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நாம் இல்லை. ஆனால் ஒரு வகைப்பாட்டை நம்பலாமா என்று பார்க்க இவற்றை ஆராய்ந்தவர்கள் கடைப்பிடித்த நடைமுறை நல்ல அளவுகோல். பிரித்ததற்கான காரணம் அச்சில் இருக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கும்படி அந்த மாதிரி உடம்பு ஒரு குப்பியில் இருக்கவேண்டும். மறுப்பவருக்கு மறுக்கும் வழி திறந்திருக்கவேண்டும். மாற்றினால் மாற்றியது தெரியவேண்டும். முன்னால் சொன்னவரின் பெயரை அழித்துவிட்டு மாற்றக்கூடாது. மீன் பேனுக்குக் கிடைத்திருக்கும் இந்த உரிமைகளில் ஒன்றையாவது தராத வரிசையை, அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், வகைப்பாடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.